சீனக் குடும்பங்களில் தலைமுறை மோதல்: எந்தப் படத்தில் தொடங்கலாம்?

செபராங்வாசி:
வணக்கம். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வாசகர் வட்டம் மூன்று சனிக்கிழமை படம் போட்டுப் பேசப்போகிறது. வருகிறவர்களில் பாதி ஓய்வுபெற்றவர்கள், மீதி கல்லூரிப் பிள்ளைகள். ‘தி ஜாய் லக் கிளப்’பில் தொடங்கலாமா? பிள்ளைகள் ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’தான் வேண்டும் என்கிறார்கள்.

கீற்றுக்கொட்டகை:
ஜாய் லக் வேண்டாம் அண்ணே. நாலு அம்மா, நாலு மகள், ஆளுக்கொரு முன்கதை. எந்த மகள் யாருடையவள் என்று அரை மணி நேரத்தில் கூட்டம் குழம்பிவிடும். போட்டே தீருவீர்கள் என்றால் நாலு ஜோடிப் பெயரையும் தாளில் அச்சடித்து வாசலிலேயே கொடுத்துவிடுங்கள்.

முதல் வாரம் ஆங் லீயின் ‘ஈட் டிரிங்க் மேன் உமன்’ (1994). தைப்பேயில் மனைவியை இழந்த சமையல் மேதை, மூன்று மகள்கள், தவறாத ஞாயிறு விருந்து. மேசை நிறையப் பதார்த்தம், சாப்பிடத்தான் யாருக்கும் மனமில்லை. "ஒன்று சொல்லவேண்டும்" என்று ஒவ்வொருத்தரும் குண்டு போடுவதும் அதே மேசையில்தான். பலர் கவனிக்காத இடம் ஒன்று: நடு மகளுக்குச் சமையல் என்றால் உயிர். படித்து முன்னேறட்டும் என்று அவளை அடுப்படியை விட்டு வெளியேற்றியவர் அப்பாதான். அவருக்கோ நாக்கில் ருசி போய்விட்டது. கடைசியில் அவள் வைத்த சூப்பைக் குடித்துவிட்டு இஞ்சி அதிகம் என்று குறை சொல்கிறார். குறை சொல்லும்போதுதான் ருசி திரும்பியது தெரிகிறது. பேச்சை அங்கே தொடங்குங்கள். படம் 2 மணி நேரத்துக்கு மேல். பசியோடு உட்காரவைக்காதீர்கள், பாவம்.

மலர்_ஆயர்ஈத்தாம்:
இரண்டாம் வாரம் லூலூ வாங்கின் ‘தி ஃபேர்வெல்’ (2019). பாட்டிக்கு நுரையீரல் புற்றுநோய். அவரிடம் மட்டும் சொல்லாமல், ஒரு கல்யாணத்தைச் சாக்கு வைத்து மொத்தக் குடும்பமும் சீனாவின் சாங்சுன் நகரில் கூடுகிறது. ‘சொல்லலாமா கூடாதா’ என்று பட்டிமன்றம் ஆக்கினால் பேச்சு பத்து நிமிடத்தில் செத்துவிடும். பொய்க்கு யார் யார் துணை போகிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். பாட்டி எதிரிலேயே, அவருக்குப் புரியாத ஆங்கிலத்தில் பேத்தியிடம் மருத்துவர் உண்மையைப் பேசுகிறார். பாட்டியும் தன் கணவருக்கு இதையேதான் செய்தவர்.

ரவாங்_ரசிகன்:
மூன்றாவதுக்கு நம்மூர்ப் படம் இருக்கே! சியு கெங் குவானின் ‘தி ஜர்னி’ (2014). மகள் ஆங்கிலேய மாப்பிள்ளையோடு வந்து நிற்கிறாள். அப்பா அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, பழைய பள்ளித் தோழர்களுக்கு அழைப்பிதழைக் கையில் கொடுக்க நாடு சுற்றுகிறார். தட்டோடு வீடேறிப் பத்திரிகை வைக்கிறவர்களும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும் ஒரே அறையில் இருந்தால் சண்டை உறுதி.

கிரேஸி ரிச்சில் மாஜோங் (சீனர்களின் காய் விளையாட்டு) ஆடும் காட்சி மட்டும் போதும். பினாங்கு லீத் தெரு நீல மாளிகையில் எடுத்தது, மீதி பகட்டு.

மலர்_ஆயர்ஈத்தாம்:
ரவாங் அண்ணே, ‘ஜர்னி’ இனிப்பு கொஞ்சம் தூக்கல். பேங்காக்கில் வாழும் தியோச்சூ (சீனர்களில் ஒரு பிரிவு) குடும்பத்தைப் பற்றிய ‘ஹவ் டு மேக் மில்லியன்ஸ் பிஃபோர் கிராண்ட்மா டைஸ்’ (2024) போடலாம். அம்மாவைக் கவனித்துக்கொண்டவள் மகள், வீடு போவது கடன்கார மகனுக்கு. நம்மவர்கள் கூட்டத்தில் இதற்கு முன்னுரையே வேண்டாம்.

கீற்றுக்கொட்டகை:
எதைப் போட்டாலும் முதலில் உரிமை வாங்குங்கள். வீட்டு நெட்ஃபிளிக்ஸ் கணக்கு பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. தணிக்கை அனுமதியையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ‘யி யி’ (2000) போடச்சொல்லி யாராவது வந்தால், அது கிட்டத்தட்ட 3 மணி நேரம். அருமையான படம்தான், ஆனால் பிறகு பேச ஆள் இருக்காது.