2.7 மீட்டர் கூரைக் கராஜுக்கு எந்தக் கியர்பாக்ஸ் ஜாக்கி?

சாட்ஸ்வர்த் பக்கி
எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக் கராஜில் வண்டியைத் தூக்கும் இரண்டு தூண் லிஃப்ட், குட்டைத் தூண் வைத்தது, போட்டிருக்கிறேன். தரையிலிருந்து ஸ்லாப் வரை 2.7 மீட்டர். மேலே அம்மாவின் அறை இருப்பதால் கூரையை உயர்த்த வழியே இல்லை. வண்டி ஹைலக்ஸ் டபுள் கேப் பக்கி, அதாவது பிக்கப், டீசல், மேனுவல், ஃபோர் பை ஃபோர். கிளட்ச் வழுக்குகிறது. கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். இரண்டு ஜாக்கிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று நின்றபடி வேலை செய்யும் தூண் ஜாக்கி, அரை டன், முழுக்க இறக்கினாலும் 90 செ.மீ. உயரம் நிற்கும். இன்னொன்று தரையோடு இருக்கும் அகலமான வகை, 20 செ.மீ.யில் தொடங்கி 80 வரை ஏறும். இரண்டும் வாங்கக் காசு இல்லை. எது?

தோங்காட் ஒர்க்‌ஷாப்
தம்பி, லிஃப்ட் போட்ட பிறகு தூண் ஜாக்கிதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன். கியர்பாக்ஸை இறக்குவது பாதி வேலைதான். திரும்ப ஏற்றும்போது கியர்பாக்ஸின் முன்னால் நீளும் இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் தட்டின் பல்லுக்குள் நேராக நுழைய வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு கையும் கியர்பாக்ஸின் மேல் இருக்க வேண்டும். தூண் ஜாக்கியில் காலால் பெடலை மிதிப்பேன், கை இரண்டும் சும்மா இருக்கும். தரை ஜாக்கியில் ஒரு கை கைப்பிடியை அடித்துக்கொண்டிருக்கும், மறு கையால் என்ன செய்வாய்?

லெனேசியா அண்ணன்
இரண்டுமே வேண்டாம் என்பேன். வீட்டில் டிராலி ஜாக்கி இருக்கும்தானே? அதன் தலையைக் கழற்றிவிட்டுக் கியர்பாக்ஸ் தட்டு ஒன்றைப் பொருத்திக்கொள். வருடத்துக்கு ஒரு முறை நடக்கிற வேலைக்குத் தனி ஜாக்கி எதற்கு? என் சிட்டி கோல்ஃப் காருக்கு அப்படித்தான் செய்தேன், ஒரு குறையும் இல்லை.

ஃபீனிக்ஸ் கணக்கு
அண்ணா, சிட்டி கோல்ஃபின் கியர்பாக்ஸ் பெட்டி சின்னது, என்ஜினோடு குறுக்கே உட்கார்ந்திருப்பது. ஹைலக்ஸில் பின்னால் நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தொங்கும், நீளமும் அதிகம். இன்னொன்று, டிராலி ஜாக்கியின் கை நேராக மேலே போகாது, வில் மாதிரி வளைந்து போகும். ஏற ஏறத் தலை முன்னும் பின்னும் நகரும். சக்கரம் உருண்டு அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். தரையில் ஒரு சின்னக் கல் கிடந்து சக்கரம் உருளாமல் போனால் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மேல் சாயும்.

இப்போது சாட்ஸ்வர்த் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். எல்லோரும் அரை டன்னா, ஒரு டன்னா என்றே பார்க்கிறார்கள். உன் கராஜில் எடை பிரச்சினையே இல்லை, கூரைதான் பிரச்சினை. பக்கியின் உயரம் சுமார் 1.8 மீட்டர். கியர்பாக்ஸின் அடி தரையிலிருந்து 40 செ.மீ. என்று வை. அப்படியென்றால் வண்டியின் கூரையிலிருந்து கியர்பாக்ஸ் அடி வரை 1.4 மீட்டர். ஸ்லாப்புக்கு 5 செ.மீ. இடைவெளி விட்டால் கியர்பாக்ஸின் அடி 1.25 மீட்டரில் நிற்கும், அதற்கு மேல் போக முடியாது. தூண் ஜாக்கி 90-க்குக் கீழே இறங்காது. ஆக, நீ இறக்க முடிந்தது 35 செ.மீ. மட்டும். என்ஜினோடு சேரும் மணி மாதிரி முன்பக்கம், அந்தப் பெல் ஹவுசிங்கின் உயரமே ஏறக்குறைய 40 செ.மீ. வரும். வண்டிக்கு அடியிலிருந்து பக்கவாட்டில் வெளியே இழுக்கும்போது சேஸிஸ் சட்டத்தில் இடிக்கும். இல்லை, மயிரிழையில் தப்பும். பூட்டைத் திறந்துவிட்டுக் கதவைத் திறக்க இடமில்லாத கதைதான்.

தோங்காட் ஒர்க்‌ஷாப்
கணக்கு சரி. ஆனால் கியர்பாக்ஸின் வாலைத் தாழ்த்திச் சாய்த்துத்தான் எடுப்போம், தட்டையாக யாரும் இழுப்பதில்லை. தூண் ஜாக்கியின் தலை முன் பின்னாகவும் பக்கவாட்டிலும் சாயும், சங்கிலி போட்டுக் கட்டலாம். தரை ஜாக்கி வாங்கினால் வண்டியை 40 செ.மீ.க்கு இறக்கி வைத்துக்கொண்டு அடியில் படுத்துத்தான் வேலை செய்ய வேண்டும். அதற்கு லிஃப்ட் எதற்கு? ஸ்டாண்டு நான்கே போதுமே. பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகளைப் படுத்துக்கொண்டு கழற்றிப் பார்த்திருக்கிறாயா?

ஃபீனிக்ஸ் கணக்கு
படுத்துக் கழற்றச் சொல்லவில்லை, அண்ணா. வண்டியை உச்சிக்கு ஏற்று. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுகள், வயர்கள், மேல் போல்ட்டுகள் எல்லாவற்றையும் உட்கார்ந்தபடியே கழற்று. கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரையும் கீழே உள்ள இரண்டு பெல் ஹவுசிங் போல்ட்டையும் மட்டும் விட்டுவை. பிறகு லிஃப்டைத் தாழ்த்தி, அதன் பாதுகாப்புப் பூட்டில் உட்காரவை. அப்புறம் தரை ஜாக்கியைத் தள்ளி, கட்டி, மிச்சத்தைக் கழற்று. பெட்டி ஜாக்கியில் உட்கார்ந்ததும் பின்னுக்கு இழுத்து, ஷாஃப்ட் கிளட்சை விட்டு வெளியே வந்த பிறகு வண்டியை மேலே ஏற்றிவிடு. பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை, வண்டிதான் அதை விட்டு மேலே போகும். பக்கவாட்டில் எத்தனை இடம் வேண்டுமானாலும் கிடைக்கும்.

தோங்காட் ஒர்க்‌ஷாப்
நில்லு. இங்கேதான் ஆபத்து. கியர்பாக்ஸ் போனதும் என்ஜினின் பின்பக்கத்தை எது தாங்கும்? எல்லோரும் தரையிலிருந்து உயரமான ஸ்டாண்டு ஒன்றை என்ஜினுக்கு அடியில் வைப்பார்கள். நீ வண்டியை மேலே ஏற்றினால் ஸ்டாண்டு கீழேயே நிற்கும், என்ஜின் பின்னால் தொங்கும், மவுண்டிங் ரப்பர் கிழியும். அதைவிட மோசம் திரும்ப இறக்கும்போது. என்ஜின் ஸ்டாண்டில் முட்டினால் வண்டி லிஃப்டின் கையை விட்டு எழும்பும். ஒரு முறை அப்படிப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டி விழவில்லை, ஆனால் அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. உன் முறையில் கணக்கு இருக்கிறது, இதற்கு வழி இல்லை.

ஃபீனிக்ஸ் கணக்கு
இதை நான் சொல்லாமல் விட்டது பெரிய தவறு, அண்ணா. நான் செய்தபோது என்ஜினை மேலிருந்துதான் பிடித்தேன். இரண்டு ஃபெண்டர் ஓரத்திலும் நிற்கும் குறுக்குக் கம்பி, அதிலிருந்து சங்கிலி, சங்கிலி என்ஜின் கொக்கியில். அப்போது என்ஜின் வண்டியோடு ஏறும், வண்டியோடு இறங்கும். தரைக்கும் என்ஜினுக்கும் சம்பந்தம் இல்லை. தம்பி, கம்பி இல்லாமல் என் முறையைத் தொடாதே.

மாரிட்ஸ்பர்க்
யாரும் கரண்டைப் பற்றிப் பேசவில்லை. 2023-இல் தென்னாப்பிரிக்கா முழுக்க ஒரு நாளில் பல மணி நேரம் லோட் ஷெடிங்கில், கரண்ட் இல்லாமல் இருந்தோமே, இப்போதும் தெரு கேபிள் போனால் அதே கதைதான். பெரும்பாலான இரண்டு தூண் லிஃப்டுகளை இறக்க வேண்டுமென்றால் முதலில் சற்று மேலே ஏற்றிப் பூட்டை விடுவிக்க வேண்டும். மோட்டார் ஓடாவிட்டால் அது முடியாது. ஃபீனிக்ஸ் சொல்லும் முறையில் லிஃப்ட் மூன்று நான்கு முறை ஏறி இறங்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் வேலை அந்த இடத்தில் நிற்கும். தூண் ஜாக்கிக்குக் கால் போதும்.

ஃபீனிக்ஸ் கணக்கு
நியாயம்தான். ஆனால் நிற்பது வேலை, வண்டி விழாது. பூட்டில் உட்கார்ந்த வண்டி இரவு முழுக்க அங்கேயே இருக்கும்.

லெனேசியா அண்ணன்
தட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் பின்வாங்குகிறேன். ஹைலக்ஸின் பெட்டியை நான் இறக்கியதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: தரை ஜாக்கி வாங்கினாலும் அது கை வளைந்து ஏறும் வகையா, கத்தரிக்கோல் மாதிரி நேராக ஏறும் வகையா என்று பார்த்து வாங்கு. நேராக ஏறுவதுதான் ஷாஃப்ட் நுழைக்கும்போது உதவும்.

சாட்ஸ்வர்த் பக்கி
நேற்று மாலை டேப் எடுத்து அளந்தேன். வண்டிக் கூரையில் கேரியர் இருக்கிறது, அதை மறந்தே போயிருந்தேன். அது 9 செ.மீ. கழற்றினால்தான் ஃபீனிக்ஸ் அண்ணன் சொன்ன 1.25 வரும். கழற்றிவிடுகிறேன். இன்னொன்று, தண்ணீர் வடிவதற்காகக் கராஜ் தரை கதவுப் பக்கம் சரிவாக இருக்கிறது. தூண் ஜாக்கி உயரத்தில் சுமையோடு நிற்கும்போது அந்தச் சரிவில் நகர்ந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

தோங்காட் ஒர்க்‌ஷாப்
சரிவை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தம்பி. சரிவில் தூண் ஜாக்கியை நானே நிறுத்த மாட்டேன். சுமை உச்சியில், கால் குறுகலாக. எங்கள் ஒர்க்‌ஷாப் தரை மட்டமாகத் தேய்த்தது. உன் கராஜுக்கு மட்டும் தரை ஜாக்கிக்குச் சம்மதிக்கிறேன், வேறு கராஜுக்கு அல்ல. பழைய ஜாக்கி வாங்கினால் பிஸ்டன் தண்டை விரலால் தடவிப் பார். நம் டர்பன் ஊர்க் கடல் காற்றில் குரோம் புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் அது சீலைக் கிழிக்கும். மணல் மூட்டை ஏற்றி ஒரு இரவு விட்டு, காலையில் இறங்கியிருக்கிறதா என்று அள. இறங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

சாட்ஸ்வர்த் பக்கி
கத்தரிக்கோல் வகையில் ஒன்று இசிபிங்கோவில் விற்பனைக்கு இருக்கிறது. சனிக்கிழமை மணல் மூட்டையோடு போகிறேன். என்ஜின் கம்பியை முதலில் வாங்கிவிட்டேன்.