பாண்டா செடியின் அடியிலைகள் கண்ணாடி மாதிரி ஆகி உதிர்கின்றன, என்ன செய்வது?

கேள்வி:
எட்டு மாதமாக ஒரு பாண்டா செடி வளர்க்கிறேன். கலஞ்சோ டோமென்டோசா என்பார்களே, இலை முழுக்க வெள்ளைச் சுணையும் நுனியில் பழுப்புப் பொட்டுகளுமாக இருக்கும், அதுதான். போன வாரம்வரை நன்றாக இருந்தது. இப்போது அடியிலைகள் மஞ்சளாகி, உள்ளே தண்ணீர் தெரிவது போல ஆகிவிட்டன. நேற்று ஒன்றை லேசாகத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. சுணையில் தூசி படிகிறதே என்று தினமும் காலையில் தண்ணீர் தெளித்துத் துடைப்பேன். வாரம் இருமுறை ஊற்றுகிறேன். இடம் அலமாரி, ஜன்னலிலிருந்து நான்கடி தள்ளி. தண்ணீர் போதவில்லையா?

பதில் 1:
போதாமல் இல்லை, மிகுந்துவிட்டது. தாகமெடுத்த இலை சுருங்கித் துவளும், கண்ணாடி மாதிரி ஆகாது. இன்றே நிறுத்துங்கள்.

பதில் 2:
தெளிப்பதையும் விட்டுவிடுங்கள். நானும் இதே தவறைச் செய்து இரண்டு செடிகளை இழந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இதன் சொந்த ஊர் மடகாஸ்கர். அந்தச் சுணைதான் அதற்குக் குடை. வெயிலைச் சிதறடிக்கும், இலையை ஒட்டி ஈரம் பறக்காமல் காக்கும். நாம் தெளிக்கிற தண்ணீர் அதற்குள் முத்து முத்தாகத் தங்கிவிடும், சீக்கிரம் காயாது. என் செடியில் முதலில் காபிக்கறை மாதிரி புள்ளிகள் வந்தன, பிறகு அழுகல். தூசிக்கு உலர்ந்த மெல்லிய தூரிகை போதும். தடவும்போது இலைக்கக்கத்தையும் பாருங்கள், மாவுப்பூச்சி அந்த வெள்ளைக்குள் வெள்ளையாக ஒளிந்திருக்கும்.

இப்போது செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரையும் தண்டின் அடியையும் பாருங்கள். எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

கேட்டவர்:
எடுத்துப் பார்த்தேன். மண் சேறாக இருக்கிறது. வேர் பழுப்பாகி உருவிக்கொண்டு வருகிறது. தண்டு அடியில் இரண்டு விரற்கடை கறுத்திருக்கிறது, மேலே பச்சைதான்.

பதில் 2:
அப்படியானால் பிழைக்கும். சுத்தமான கத்தியால் கறுப்புக்கு மேலே வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் ஒரு பழுப்பு வளையம்கூடத் தெரியக் கூடாது, தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுங்கள். நிழலில் நான்கைந்து நாள் காயவிட்டு, வெட்டுவாய் ஆறித் தழும்பு கட்டியதும் நடுங்கள். பாதி மண், பாதி பெர்லைட் (நர்சரியில் கிடைக்கும் லேசான வெள்ளைக் குருணை) அல்லது பருமணல். தொட்டியில் ஓட்டை கட்டாயம். மண்தொட்டி என்றால் இன்னும் நல்லது. ஒரு வாரம் தண்ணீரே வேண்டாம். வேர் பிடித்த பிறகும் மண் அடிவரை காய்ந்தால்தான் ஊற்ற வேண்டும், அதுவும் இலையில் படாமல் மண்ணில் மட்டும்.

நல்ல இலைகளையும் வீணாக்காதீர்கள், அவற்றிலிருந்தும் புதுச் செடி வரும். ரணகள்ளி இதன் உறவுதான், ஆனால் அதற்கு இலையோரத்தில் குட்டிச் செடி வரும். இதற்கு, தண்டோடு ஒட்டியிருந்த அடிப்பகுதியிலிருந்துதான் வரும். அது கிழிந்துவிட்டால் பெரும்பாலும் வராது, எனவே பக்கவாட்டில் மெல்ல அசைத்து முழுசாக எடுங்கள்.

அப்புறம், ஜன்னலோரம் மாற்றுங்கள். காலை வெயில் பட்டால் போதும்.

பதில் 3:
வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். கலஞ்சோ வகைகள் அவற்றுக்கு நஞ்சு, இதயத்தைப் பாதிக்கும்.

கேட்டவர்:
பூனை இருக்கிறது, ஜன்னல் மேல்தட்டுக்கு மாற்றிவிட்டேன். வெட்டிய தண்டு முழுப் பச்சை. ஏழு இலைகள் அடி கிழியாமல் வந்தன, காகிதத்தில் பரப்பி வைத்திருக்கிறேன்.