எடை குறையாத உடற்பயிற்சியால் என்ன லாபம்?

எடைக்கல்:
தினமும் நடக்கிறேன் என்று பெருமையாகச் சொல்பவர்களுக்கு வருடக்கணக்கில் பெல்ட் ஓட்டை மாறுவதே இல்லை. முதலில் சாப்பாட்டைக் குறைத்து எடையை இறக்குங்கள், வாழ்க்கை தானாக லேசாகும். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

நடைராஜா:
வாழ்க்கைத்தரத்தை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் எஸ்எஃப்-36 கேள்வித்தாளைப் பார்த்திருக்கிறீர்களா? 36 கேள்விகள். மாடி ஏற முடிகிறதா, பையைத் தூக்க முடிகிறதா, தானே குளித்து உடுத்த முடிகிறதா, வலி எவ்வளவு, சோர்வு எவ்வளவு, மனம் எப்படி இருக்கிறது என்று போகும். எத்தனை கிலோ என்று ஒரு கேள்வி கூடக் கிடையாது! தொடையில் வலு ஏறினால் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழலாம், அதற்கு எடைமெஷினிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

எடைக்கல்:
சரி, அந்த மாடியை ஏறுவது எது? முழங்கால்தானே. மூட்டு தேய்ந்தவர்களிடம் அளந்து பார்த்ததில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டின் மேல் விழும் சுமை நாலு கிலோ அளவுக்குக் குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தவருக்கு அடிக்கு இருபது. ஒரு நாளில் எத்தனை அடி வைக்கிறோம், நீங்களே கணக்குப் போடுங்கள். அப்புறம், பருமனால் தூக்கத்தில் மூச்சடைத்து எழுபவரிடம் தொடை வலுவைப் பற்றிப் பேசிப் பாருங்களேன்.

வெண்பூ:
குறுக்கே வருகிறேன். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், மூட்டு தேய்ந்த, எடை கூடிய 454 பேரை மூன்றாகப் பிரித்து 18 மாதம் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு உணவுக் கட்டுப்பாடு, ஒன்றுக்குப் பயிற்சி, இன்னொன்றுக்கு இரண்டும். இரண்டும் செய்தவர்களுக்குத்தான் வலி குறைவு, நடமாட்டமும் மேல். இன்னொன்று, பயிற்சியே இல்லாமல் வயிற்றைக் காயப்போட்டு இறக்கும் எடையில் தசையும் சேர்ந்து போகிறது. எடைக்கல் அண்ணன் இதை மட்டும் ஏன் தொடவே மாட்டேன் என்கிறார்?

நடைராஜா:
அதேதான். என் ஆதங்கம் வேறு ஒன்றும் உண்டு. எடைக்காக மட்டும் தொடங்குபவர், முள் நகராத மாதம் வந்ததும் ஷூவைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார். தூக்கம் நன்றாக வந்தது, மூச்சு வாங்கவில்லை என்பதெல்லாம் அவர் கணக்கிலேயே வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது என்று சொல்வது ஒல்லியானவருக்கும் சேர்த்துத்தான்.

எடைக்கல்:
தசை போகும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 110 கிலோ இருப்பவருக்கு வலியில் பத்து அடி வைக்க முடியவில்லை. அவர் உங்கள் 150 நிமிடத்தை எங்கே தொடங்குவார்?

நடைராஜா:
நீச்சல்குளத்தில், இடுப்பளவு தண்ணீரில் நடந்து. குளம் இல்லையென்றால் நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கி, ஐந்து ஐந்து நிமிடமாக. சாப்பாட்டுப் பக்கத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், சண்டையே இல்லை.