சிகிச்சை முடிந்த பிறகுதான் அழுகை வருகிறது. உங்களுக்கும் அப்படி இருந்ததா?

வைகைக்கரை, மதுரை

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் போன வருடமே முடிந்துவிட்டது. இப்போது நோய் திரும்பாமல் இருக்க தினமும் ஒரு டமாக்ஸிஃபென் மாத்திரை, சில மாதங்களுக்கு ஒருமுறை ரிவ்யூ, வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராம். ரிப்போர்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் கீமோ ஓடிய நாட்களில் வராத அழுகை இப்போது வருகிறது. அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு விசிலுக்காக நிற்கும்போது வருகிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வருகிறது.

அப்போது அழ நேரமே இல்லை என்று நினைக்கிறேன். ரத்த அணு எவ்வளவு இருக்கிறது, அடுத்த கீமோ எந்தத் தேதி, வாய்ப்புண்ணோடு எதைச் சாப்பிடுவது, காப்பீட்டு அட்டையை எங்கே வைத்தோம் என்று நாள் முழுக்க ஏதாவது ஒன்று இருந்தது. வீடே என்னைச் சுற்றி ஓடியது. கடைசி ரேடியேஷன் முடிந்ததும் அந்த ஓட்டம் நின்றுவிட்டது. அவரவர் வேலைக்குப் போனார்கள். அது நியாயம்தான், எத்தனை நாள்தான் லீவு போடுவார்கள்? எனக்கு இப்படி ஒரு நோய் வந்தது என்பதே அதற்குப் பிறகுதான் மனதில் இறங்கியது.

"அதான் எல்லாம் சரியாயிடுச்சே, முடி கூட சுருள் சுருளா அழகா வளந்திருக்கு, இன்னும் ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்று நாத்தனார் கேட்டார். பாசத்தோடு கேட்டதுதான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டதோ என்று பயம். தலை வலித்தால் மூளையோ என்று பயம். ரிவ்யூவுக்கு முந்தைய வாரம் தூக்கம் வராது, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். ரிசல்ட் நல்லபடியாக வந்ததும் கொஞ்ச நாள் லேசாக இருக்கும். அப்புறம் அடுத்த தேதி மனதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்ததால் இடது கை வீங்குகிறது. நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, ரவிக்கைக் கை ஏறாமல், புடவையைக் களைந்து வைத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். வேறு ரவிக்கை இல்லையா என்றால், இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு போகிற தெம்புதான் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். "அம்மாவுக்கு வந்ததை நாமாகச் சொல்ல வேண்டாம்" என்று தரகர் சொன்னார். வீட்டுப் பெரியவர்களும் தலையாட்டினார்கள். நான் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே என் உடம்பு ஒளித்து வைக்க வேண்டிய விஷயமாகிவிட்டது. புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருபவை. எனக்கு மரபணுப் பரிசோதனையும் செய்தார்கள், அதில் எதுவும் இல்லை. அதையும் சொன்னேன், யார் காதிலும் ஏறவில்லை. என் பெண்தான், "சொல்லிட்டுப் பேசுற வீடா இருந்தா பேசுங்க, இல்லன்னா வேண்டாம்" என்று முடித்துவிட்டாள். அன்றைக்கும் அழுதேன், ஆனால் அது வேறு அழுகை.

"பிழைத்ததற்கு நன்றி சொல்லாமல் அழுகிறாயே" என்று எனக்குள்ளேயே ஒரு குரல் கேட்கிறது. உங்களுக்கும் கேட்கிறதா? எழுதுங்கள்.

பனியன் ஊர்க்காரன், திருப்பூர்

வணக்கமுங்க அக்கா. எனக்கு நாக்கில் வந்தது. ஒரு பகுதியை எடுத்துவிட்டு, கையிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைத்தார்கள். பிறகு கழுத்துக்கு ரேடியேஷன். நான் புகையிலை தொட்டதே இல்லை. ஆனாலும் விஷயம் தெரிந்தவுடன் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி "என்ன போடுவீங்க?" என்பதுதான்.

வியாதி போய்விட்டது, பேச்சு குழறலாக நின்றுவிட்டது. ஒருநாள் ராத்திரி பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறி, போகிற ஊரைச் சொன்னேன். கண்டக்டர் இரண்டு முறை கேட்டுவிட்டு, "குடிச்சுட்டு ஏறாதீங்கய்யா, பொம்பளைங்க இருக்காங்க" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தால் இன்னும் குழறும். இறங்கிவிட்டேன். அந்தக் கண்டக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை, தினமும் எத்தனை குடிகாரர்களைப் பார்க்கிறாரோ. ஆனால் அதற்குப் பிறகு பல மாதம் நான் பஸ் ஏறவில்லை. போனில் ஆர்டர் பேசுவதுதான் என் தொழில். அதையும் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

கல்யாண வீட்டுப் பந்தி இன்னொரு கஷ்டம். உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிட்டதால் ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் வேண்டும். பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு எழுந்துவிடுவார், நான் ரசத்துக்கே வந்திருக்க மாட்டேன். மொய் எழுதிவிட்டு அப்படியே திரும்பி வருவது வழக்கமாகிவிட்டது.

எனக்கு வழி காட்டியவர் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா. வாய் திறப்பதற்கு ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைக்கச் சொன்னார். பழகப் பழக ஒவ்வொன்றாகக் கூட்டுவது. அது உடம்புக்கு. அதோடு ஒரு அட்டையில் "நாக்கில் ஆபரேஷன் ஆகியுள்ளது, மெதுவாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளவும்" என்று எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். முதலில் அவமானமாகத்தான் இருந்தது. இப்போது பஸ் ஏறினால் அட்டையைக் காட்டிவிடுகிறேன், பெரும்பாலும் யாராவது எழுந்து இடம் கொடுக்கிறார்கள். வேலைக்கும் திரும்பிவிட்டேன். முன்பு போனில் பேசியதில் பாதி இப்போது வாட்ஸ்அப்பில் நடக்கிறது.

இரண்டு பிள்ளைகளின் அம்மா, நெல்லை

எனக்கு வந்திருந்தால் தாங்கியிருப்பேன். என் சின்னவனுக்கு வந்தது, ரத்தப் புற்றுநோய், ஏஎல்எல். இந்த வகையில் இன்று நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் குணமாகிவிடுகிறார்கள், ஆனால் சிகிச்சை மிக நீளம். நோய் திரும்பாமல் இருக்கக் கடைசியில் கொடுக்கும் மெயின்டனன்ஸ் மாத்திரைகளோடு சேர்த்து இரண்டரை, மூன்று வருடம் போகும். அவனுக்கும் அப்படித்தான் போனது.

மாத்திரையை நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்ன அன்று வார்டில் எல்லோரும் கை தட்டினார்கள், கேக் வெட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் நடுக்கம். தினமும் ராத்திரி அந்த மாத்திரையைக் கொடுக்கும்போது, வியாதியை இன்றைக்கும் தள்ளி நிறுத்திவிட்டோம் என்று ஒரு தைரியம் இருந்தது. இனிமேல் எதை வைத்துத் தள்ளுவது? "மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்கக் கூடாதா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நிறைய அம்மாக்கள் இதைக் கேட்பார்கள் என்று சொல்லி, என்னை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். அந்தப் பத்து நிமிடத்துக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இப்போதும் அவன் தூங்கும்போது டார்ச் அடித்துக் கால்களைப் பார்க்கிறேன். விளையாடி விழுந்த காயமா, தானாக வந்த நீலமா என்று. பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் அவன் பெயரைச் சேர்க்கவே இல்லை. "பாவம், அவனுக்கு எதுக்கு" என்றார்கள். வீட்டுக்கு வந்து, "நான்தான் சரியாயிட்டேன்ல, அவங்களுக்கு யாரும்மா சொல்லுவா?" என்று கேட்டான். மறுநாள் நான் போய்ச் சொன்னேன். ஓடினான். கடைசியாக வந்தான். அவனுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

யாரும் பேசாத ஒன்று மூத்தவனைப் பற்றியது. அந்த வருடங்கள் பூராவும் அவனை ஆச்சி வீட்டில் விட்டிருந்தோம். வீடு திரும்பியும் சிரிப்பு இல்லை, தம்பியோடு பேச்சு இல்லை. ஒருநாள் சண்டையில், "எனக்கும் கேன்சர் வந்தாத்தான் நீ என்கூட இருப்பே" என்றான். அந்த வார்த்தை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவனும் நானும் மட்டும் ஜங்ஷன் பக்கம் போய்வருகிறோம். அதிகம் பேச மாட்டான். பஜ்ஜி தின்போம், திரும்பி வருவோம். போகப் போகப் பேசுவான்.

கோவை வாசகர்

நான் கணவன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மனைவிக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், ரேடியேஷன் முடிந்துவிட்டது. அவள் சமையல், தோட்டம் என்று எழுந்துவிட்டாள். எனக்குத்தான் நெஞ்சு படபடப்பு, ராத்திரியில் மூச்சு முட்டல். ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். "இவ்வளவு நாள் அடக்கி வைத்தது இப்போது வெளியே வருகிறது" என்றார் டாக்டர். பார்த்துக்கொண்டவர்களுக்கும் இது வரும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

ரேடியேஷனுக்குப் பிறகு தாம்பத்தியம் வலி தரலாம் என்பதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவளுக்கு வலிக்குமோ என்று எனக்குப் பயம், எனக்குப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று அவளுக்குப் பயம். இரண்டு பேரும் இரண்டு அறையில் படுத்தோம். கடைசியில் அவள்தான் பெண் டாக்டரிடம் தைரியமாகக் கேட்டாள். அதற்கென்று க்ரீம், பயிற்சி, கருவி எல்லாம் இருக்கிறதாம். கேட்டால் சொல்கிறார்கள். கேட்பதற்கு நமக்குத்தான் நாக்கு எழுவதில்லை.

வடமராட்சி

அக்கா, நான் யாழ்ப்பாணம். லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் எண்டு கொழும்புக்குப் பக்கத்தில் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் மருந்து ஏற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் காலி ஊரைச் சேர்ந்த ஒரு சிங்கள ஐயா. எனக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் சுத்தமாக இல்லை. எனக்குச் சத்தி வந்தால் அவர்தான் தாதியைக் கூப்பிடுவார். அவருடைய மகள் கொண்டுவரும் தேத்தண்ணியில் எனக்கும் ஒரு பங்கு இருக்கும்.

நான் சுகமாகி ஊருக்கு வந்துவிட்டேன். அவர் வரவில்லை. மகள்தான் தொலைபேசியில் சொன்னா. அதுக்குப் பிறகு என்னால் ஊரில் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்க முடியவில்லை. "நீ தப்பிட்டாய், கடவுள் உன்னோட நிக்கிறார்" எண்டு சனம் சொல்லும்போது, அப்ப அந்த ஐயாவோட ஏன் நிக்கேல்லை எண்டு கேட்கத் தோன்றும். அம்மா மனம் நோகும் எண்டு கேட்பதில்லை. இப்ப கிளினிக்குக்கு யாழ்ப்பாணத்திலேயே தெல்லிப்பழை போகிறேன், கொழும்புக்குப் பயணம் இல்லை. புதிதாக வாற பொடியன்களோடு கொஞ்சம் இருந்து கதைத்துவிட்டு வருவேன். அது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

வார்டு நர்ஸ்

நிறைய வருடம் புற்றுநோய் வார்டில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதையெல்லாம் ரிவ்யூ வரிசையில் நின்றபடி என்னிடம் மெதுவாகச் சொல்பவர்கள் உண்டு. டாக்டர் அறைக்குள் போனால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன் என்ற அமெரிக்க டாக்டர் தனக்கே புற்றுநோய் வந்து பிழைத்தவர். 1985ல் அவர் எழுதியதன் சாரம் இது: மூழ்குகிறவரைக் கரையேற்ற எவ்வளவோ கற்றுக்கொண்டோம், கரையில் கிடந்து அவர் தண்ணீர் கக்கித் திணறும்போது வேலை முடிந்ததென்று போய்விடுகிறோம். எங்கள் பக்கத்துக் குறை அது. உங்கள் நன்றிகெட்டதனம் என்று நினைக்காதீர்கள், வைகைக்கரை அக்கா.

சில விஷயங்கள் மட்டும் சொல்கிறேன். ரிவ்யூ நேரத்துப் பயம் எல்லோருக்கும் வரும், ரிசல்ட்டோடு இறங்கும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்தே இருந்தால், தூக்கம், சாப்பாடு, பிடித்த வேலை எல்லாம் விட்டுப்போனால், வாழ வேண்டாம் என்று தோன்றினால், அது சிகிச்சை தேவைப்படும் மன அழுத்தம். கடைசியாகச் சொன்னதற்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம், எந்த நேரமும் கூப்பிடலாம்.

டமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்கள் மனநல டாக்டரிடம் போனால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். பராக்ஸெடின், ஃப்ளுவாக்ஸெடின் போன்ற சில மன அழுத்த மாத்திரைகள் டமாக்ஸிஃபெனின் வேலையைக் குறைக்கலாம். அந்தத் தொந்தரவு குறைந்த வேறு மாத்திரைகள் இருக்கின்றன. வென்லாஃபாக்ஸின் என்ற மாத்திரை, டமாக்ஸிஃபெனால் திடீர் திடீரென்று உடம்பு கொதிப்பதையும் கொஞ்சம் அடக்கும். எதையும் நீங்களாக ஆரம்பிக்கவோ நிறுத்தவோ கூடாது. கை வீக்கத்துக்கு பிசியோதெரபியில் கட்டும் முறை இருக்கிறது, அழுத்த உறை இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

திருப்பூர் அண்ணா, கழுத்துக்கு ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு தைராய்டு சுரப்பது குறையலாம். அதனாலேயே அசதியும் மனச்சோர்வும் வரும். டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குறைவு என்றால் ஒரு மாத்திரையில் சரிசெய்துவிடலாம்.

வைகைக்கரை, மதுரை

எல்லோர் எழுத்தையும் படித்தேன். அடுத்த ரிவ்யூவில், உடம்பைப் பற்றிக் கேட்டு முடித்ததும் "டாக்டர், மனசு சரியில்லை" என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். வீட்டுக்காரரையும் உள்ளே கூட்டிப் போகிறேன், அவரும் கேட்கட்டும். நெல்லைத் தங்கச்சி, மூத்த பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லு. யாழ்ப்பாணத் தம்பி, அந்தக் காலி ஐயாவைப் பற்றி இன்னும் எழுதுப்பா. ஊரில் யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் இங்கே சொல்லு, நாங்கள் கேட்கிறோம்.