டெலிவரிக்கு முன்பே பட்டி பார்த்த கதவு: வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டுமா?

வேளிமலை:
நேற்று டயர் பற்றிய பேச்சுக்கு நடுவே கோட்டாறு61 எழுதிய வரி இது: "புதிய காரில் ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடித்துச் சரிசெய்ததை வாங்குகிறவரிடம் சொல்லத் தேவையில்லை. சரிசெய்த பிறகு அங்கே குறையே கிடையாது." இதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தை மாதம் நாகர்கோவிலில் கார் எடுத்தேன். எடுத்த கையோடு நாகராஜா கோவிலுக்குப் போய், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தோம். அம்மா பின்சீட்டில் ஏறும்போது கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பதினோராம் நாள் இரவு, சுசீந்திரம் போகும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். கூரையில் வரிசையாகக் குழல் விளக்குகள். முன்கதவில் அவற்றின் பிம்பம் கோடு போட்டதுபோல் விழுந்தது. பின்கதவில் அதே கோடு தண்ணீரில் விழுந்ததுபோல் நெளிந்தது. அம்மா தொட்டுக் கும்பிட்ட அதே கதவு.

மச்சான் பழைய கார் வியாபாரம் செய்கிறார். பெயிண்டின் கனத்தை அவருடைய கருவியால் அளந்தோம். முன்கதவு 118 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). பின்கதவு 280. அதாவது மேலே மறுபடி பெயிண்ட் ஏறியிருக்கிறது. இதைத்தான் அண்ணாச்சி "குறையே கிடையாது" என்கிறார்.

கோட்டாறு61:
தம்பி, நான் 22 வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன். யார்டில் டிரெய்லரிலிருந்து எத்தனை வண்டி இறக்கியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. சென்னைப் பக்கமிருந்து எழுநூறு கிலோமீட்டர் வருகிற வண்டியில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது என்றால் விமானத்தில்தான் கொண்டுவர வேண்டும். 280 என்று ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆடாதீர்கள். தொழிற்சாலையிலேயே பெயிண்டில் தூசி விழுந்தால் அந்தப் பாகத்தைத் தேய்த்து மறுபடி அடிப்பார்கள். அப்படி வந்த கதவும் 250, 280 காட்டும். ஷோரூம்காரன் என்ன செய்வான்?

குழித்துறைக்காரன்:
நாகர்கோவிலில் வாங்கினால் இப்படித்தான். எங்கள் மார்த்தாண்டம் பக்கம் ஆள் பார்த்து, வண்டியைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்தி, நாலு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவோம். டிஎன் 74-காரர்களுக்கு அவசரம்.

வேளிமலை:
குழித்துறைக்காரரே, ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவனுக்கு ஏன் பாடம் எடுக்கிறீர்கள்? உங்கள் ஊர்த் தேனில் ஒருவன் சர்க்கரைப் பாகைக் கலந்து விற்றால், நக்கிப் பார்க்காமல் வாங்கியவன்தான் குற்றவாளியா?

அண்ணாச்சி, தொழிற்சாலையில் அடித்தது என்று சொன்னீர்கள் அல்லவா? தொழிற்சாலையில் வண்டியின் வெறும் கூட்டுக்குத்தான் பெயிண்ட். அதன்பிறகுதான் கதவு ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங், கைப்பிடி, கண்ணாடி எல்லாம் ஏறும். என் பின்கதவைத் திறந்து பீடிங்கை விரலால் மடக்கிப் பார்த்தேன். உள் ஓரத்தில் மயிரிழை அகலத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் படிந்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் மாவுபோல் உதிர்கிறது. கீல் போல்ட்டின் தலையில் ஸ்பானர் கடித்த தடம். பீடிங் ஏறிய பிறகு அடித்த பெயிண்ட் எந்தத் தொழிற்சாலையில் அடித்தது, சொல்லுங்கள்.

கோட்டாறு61:
அந்த 280-ஐ யார் அளந்தது? உங்கள் மச்சான். கருவியை வெறும் தகட்டில் வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்தாரா? எத்தனை இடத்தில் வைத்தார்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

முட்டம்_அலை:
அண்ணன் வேளிமலை சொல்வதுதான் சரி. கடலோரத்தில் இருக்கிற எங்களுக்கு இது அழகுப் பிரச்சினை இல்லை. தொழிற்சாலையில் கூட்டை முழுதாகத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, துருத்தடுப்புப் பூச்சு ஏற்றி, சூளையில் சுட்டெடுப்பார்கள். பட்டி பார்க்கிறவன் தகடு தெரியத் தேய்த்தால் அந்தப் பூச்சு போயிற்று. மேலே எவ்வளவு பளபளப்பாக அடித்தாலும் அது திரும்பாது. இங்கே உப்புக் காற்றும் வருடத்துக்கு இரண்டு பருவமழையும் இருக்கின்றன. அந்தக் கதவின் அடி ஓரத்தில்தான் முதலில் கொப்புளம் கிளம்பும். அமெரிக்காவில் இதற்காக ஒரு டாக்டருக்கு 40 லட்சம் டாலர் கொடுத்தார்கள். இங்கே கேட்க நாதியில்லை.

கோட்டாறு61:
கொடுக்கவில்லை. அந்த வழக்கை நானும் படித்திருக்கிறேன். ஒன்பது மாதம் ஓட்டியும் அந்த டாக்டருக்கே தெரியவில்லை. கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையைத் தூக்கி எறிந்தது. பாதி தெரிந்துகொண்டு பேசக் கூடாது.

வேளிமலை:
முட்டம், தொகையில் நீங்கள் சொன்னது தவறு. ஆனால் அண்ணாச்சி சொன்னதும் பாதிதான். அலபாமா மாநிலத்தில் டாக்டர் ஐரா கோர் 1990-இல் ஒரு கறுப்பு பிஎம்டபிள்யூ வாங்கினார். விலை நாற்பதாயிரம் டாலருக்குச் சற்று மேல். வழியில் அமில மழை பட்டதால் மறுபடி பெயிண்ட் அடித்திருந்தார்கள். செலவு சுமார் 600 டாலர். வண்டி விலையில் 3 சதவீதத்துக்குள் செலவானால் முகவரிடம்கூடச் சொல்வதில்லை என்பது அந்த நிறுவனம் வைத்திருந்த விதி. ஜூரி இழப்பீடு 4,000 டாலர், தண்டத்தொகை 40 லட்சம் டாலர் என்றது. மாநில உச்ச நீதிமன்றம் தண்டத்தை 20 லட்சமாக்கியது. அதுவும் அளவுக்கு மீறியது என்று 1996-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒதுக்கியது. பிறகு 50,000 டாலரில் முடிந்தது.

ஒதுக்கியது தொகையை. மறைத்தது சரி என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. ஜூரி தீர்ப்புக்குப் பிறகு எவ்வளவு சிறிய வேலையானாலும் சொல்லிவிடுவோம் என்று அந்த நிறுவனமே விதியை மாற்றிக்கொண்டது. அண்ணாச்சி இதை மட்டும் படிக்காமல் விட்டது எப்படி?

கோட்டாறு61:
அலபாமா எனக்கு வேண்டாம். ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம் நடப்பதைப் பேசுங்கள். டெலிவரி படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களா, இல்லையா? போட்டீர்கள். 280 அன்றைக்குத் தெரியவில்லையா?

வேளிமலை:
கையெழுத்துப் போட்ட தாளில் "பின்கதவு மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டது" என்று ஒரு வரி இருந்திருந்தால் நீங்கள் கேட்பது நியாயம். மாலை ஆறரை மணிக்கு, மாலை போட்ட வண்டியை, படம் எடுக்கிற அவசரத்தில் கையில் சாவியைத் திணித்தார்கள். சொல்லியிருந்தால் வேறு வண்டி கேட்டிருப்பேன். அல்லது விலையைக் குறைத்துக்கொண்டு இதையே எடுத்திருப்பேன். அந்த முடிவு என்னுடையது. எனக்குப் பதிலாக அதை யார்டில் ஒருவன் எடுத்திருக்கிறான்.

குழித்துறைக்காரன்:
தேனை இழுத்ததற்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை. போன வருடம் மேம்பாலம் பற்றிய பேச்சிலும் இவர் எங்கள் ஊரைத்தான் மட்டம் தட்டினார். நான் மறக்கவில்லை.

முட்டம்_அலை:
மேம்பாலத்துக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம்? தொகையில் தவறினேன், ஒப்புக்கொள்கிறேன். துருவைப் பற்றி நான் சொன்னதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே.

பழையாறு:
அண்ணன் வேளிமலைக்கு ஒன்று சொல்கிறேன். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். படிவமும் பில்லும் எடுத்து வையுங்கள். பீடிங்கில் இருக்கிற பெயிண்டைத் துடைத்துவிடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள்.

வேளிமலை:
எடுத்து வைத்திருக்கிறேன். பதினான்கு படம். போகத்தான் போகிறேன். அதற்கு முன் அண்ணாச்சியிடம் ஒரே கேள்வி. 22 வருடத்தில், சொல்லாமல் கொடுத்த கதவு எத்தனை?

கோட்டாறு61:
என் நாணயத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு வயது போதாது. நான் ஓய்வு பெற்றபோது கொடுத்த கடிகாரம் இன்னும் என் கையில் ஓடுகிறது. பத்துக் குடும்பத்துக்கு நானே நின்று வண்டி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

வேளிமலை:
சொல்லியிருந்தால்தானே குறை என்று தெரிந்திருக்கும். எத்தனை?

கோட்டாறு61:
கருவியைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தாரா, இல்லையா?

வேளிமலை:
கொண்டுவந்தார். தகட்டில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் அளந்தார். கதவில் ஐந்து இடம். 274, 280, 291, 280, 266. ஞாயிற்றுக்கிழமை காலை வடசேரிக்கு வண்டியைக் கொண்டுவருகிறேன். உங்களுக்கு நம்பிக்கையான ஆளையும் கருவியையும் அழைத்து வாருங்கள்.

கோட்டாறு61:
ஞாயிறு எனக்குக் கோவில் இருக்கிறது. ஐந்து இடத்தில் நாலு எண் காட்டுகிற கருவியை நான் என்ன நம்புவது?

குழித்துறைக்காரன்:
தேன்?