ஸ்பெஸ்ஸார்ட் காட்டு விடுதிக் கதையைத் தெருக்கூத்தாக்கலாமா?

கேள்வி: பள்ளி ஆசிரியை, கிருஷ்ணகிரி

வணக்கம். ஜெர்மன் எழுத்தாளர் வில்ஹெல்ம் ஹாஃப், ஸ்பெஸ்ஸார்ட் என்ற ஜெர்மன் காட்டில் உள்ள விடுதியைக் களமாக்கி எழுதிய கதையைத் தழுவி, குர்ட் ஹோஃப்மன் 1958-இல் இயக்கிய ஜெர்மன் நகைச்சுவைப் படத்தை அண்மையில் பார்த்தேன். காட்டு விடுதியில் கொள்ளையரிடம் அகப்படும் சீமாட்டி, ஆண் வேடத்தில் தப்பி வந்து தந்தையிடம் பிணைப்பணம் கேட்கிறாள். அவர் மறுத்துவிடவே, சிக்கியவர்களைக் காப்பாற்றத் தானே கொள்ளையரிடம் திரும்பிப் போகிறாள். இதை எங்கள் மாணவர்களைக் கொண்டு கூத்தாக நடத்த ஆசை. மூலக்கதையைப் பின்பற்றுவதா, படத்தைப் பின்பற்றுவதா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: கூத்துக் கலைஞர், பென்னாகரம்

அம்மா, என் மனம் மூலக்கதையின் பக்கமே நிற்கிறது. அதில் பொற்கொல்லர் தொழில் பழகிய இளைஞன் சீமாட்டியின் உடையை அணிந்து, அவளுக்குப் பதிலாகக் கொள்ளையரோடு போகிறான். தான் நேரில் கண்டிராத ஞானத்தாய்க்கென்று (ஞானஸ்நானத்தில் தாய்ப் பொறுப்பேற்றவள்) நகை கொண்டுபோகிறவன் அவன். அவன் காப்பாற்றிய சீமாட்டியே அந்த ஞானத்தாய் என்பது முடிவில் தெரியவரும்போது கதைக்கே தனி கனம் கூடிவிடுகிறது. ஆண்களே பெண் வேடம் கட்டி வந்த நம் கூத்துக்கு இது இயல்பாகப் பொருந்தும். இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் உடை மாற்றம் நடக்கட்டும். திரைக்குக் கீழே தெரியும் பாதங்களும், ஒருவர் காலிலிருந்து மற்றவர் காலுக்கு மாறும் சலங்கையுமே போதும், சபை புரிந்துகொள்ளும். ஆனால் படத்தில் வொல்ஃப்காங் நொய்ஸும் வொல்ஃப்காங் முல்லரும் நடித்த இரண்டு கொள்ளையரைக் கைவிட்டுவிடாதீர்கள். கூத்தில் கதையை அறிவித்து நகைச்சுவையும் செய்யும் கட்டியங்காரனின் வேலையை அவர்களிடம் ஒப்படைக்கலாம்.

மறுமொழி: நூலகர், தருமபுரி

ஐயா சொல்வதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கொள்ளையருக்கு அஞ்சி உறங்காமல் இருப்பதற்காகப் பயணிகள் ஒருவருக்கொருவர் கதை சொல்வதே ஹாஃபின் நூலமைப்பு. படம் அந்த உட்கதைகளை விட்டுவிட்டது. அவற்றுள் ஒன்றான 'குளிர்ந்த நெஞ்சு' 1950-இலேயே கிழக்கு ஜெர்மனியில் தனி வண்ணப்படமாக வந்திருந்தது. விடிய விடிய நடக்கும் கூத்தில் உட்கதைகளுக்கு இடமுண்டு, பள்ளி மேடையில் ஒன்றுக்கு மேல் தாங்காது.

ஆசிரியை: மிக்க நன்றி. சீமாட்டியாக நடிக்கவிருக்கும் மாணவிக்குப் படத்தில் லீசலோட்டெ புல்வர் ஏற்ற பாத்திரத்தின் துணிச்சலை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. இளைஞன் சீமாட்டி வேடத்தில் கொள்ளையரோடு போகட்டும். அவள் ஆண் உடையில் பின்தொடர்ந்து போய் அவனை மீட்கட்டும். இப்படி இரண்டையும் இணைத்தால் கூத்து இலக்கணத்துக்கு முரணாகுமா?

கூத்துக் கலைஞர்: முரணில்லை அம்மா. இருவரும் காட்டில் எதிர்ப்படும் இடத்துக்கு மட்டும் இருவரும் மாறி மாறி வாதாடும் ஒரு தர்க்கப் பாட்டு எழுதிவிடுங்கள்.