மறு: 'செக்யூரிட்டைசேஷன்' – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

பன்னாட்டுப் பாதுகாப்புப் பாடத்துக்குச் சொற்பட்டியல் தயாரிக்கும் நண்பரின் கேள்வி இழையின் அடியில் புதைந்துவிட்டது. மேலே கொண்டுவருகிறேன். ஒரு சிக்கலைப் பாதுகாப்புச் சிக்கல் என்று சொல்லி, சாதாரண அரசியலுக்கு மேலே ஏற்றுவதற்குத்தான் 'செக்யூரிட்டைசேஷன்' என்று பெயர்.

> 'செக்யூரிட்டைசேஷன்' என்பதற்குப் 'பாதுகாப்பாக்கம்' என்று போட்டிருக்கிறோம். முதலாண்டு மாணவர்கள் பொருளைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சொல் கிடைக்குமா?

தலைகீழாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள்மேல் தவறில்லை. ஒரு உண்மை நிகழ்வை அந்தச் சொல்லால் எழுதிப் பார்த்தால் ஏன் என்று தெரிந்துவிடும்.

2021 டிசம்பரில் அயர்லாந்தும் நைஜரும் ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஒரு தீர்மான வரைவைக் கொண்டுவந்தன. காலநிலை மாற்றத்தால் வரும் பாதுகாப்பு இடர்களை, மோதல் தடுப்புப் பணிகளில் அவை முறையாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 12 நாடுகள் ஆதரித்தன. இந்தியாவும் ரஷ்யாவும் எதிர்த்தன. சீனா ஒதுங்கி நின்றது. ரஷ்யாவின் எதிர்வாக்கு வீட்டோ என்பதால் வரைவு விழுந்தது. இந்தியா சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. காலநிலையைப் பேச ஏற்கெனவே ஐ.நா. காலநிலை உடன்படிக்கை இருக்கிறது, பேச்சை அங்கிருந்து பாதுகாப்பு அவைக்கு நகர்த்தக் கூடாது என்றது.

இதை நம் பட்டியல் சொல்லால் எழுதுவோம்: "காலநிலையைப் பாதுகாப்பாக்கும் முயற்சியை இந்தியா எதிர்த்தது." படிப்பவர் என்ன நினைப்பார்? காலநிலை பாதுகாப்பாக இருப்பதில் இந்தியாவுக்கு விருப்பமில்லை என்று நினைப்பார். நடந்ததற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இந்த ஒரு சோதனையிலேயே சொல் தோற்றுவிட்டது.

தோற்பதற்குக் காரணம் நம் இலக்கணத்தில் இருக்கிறது. 'பாதுகாப்பாக' என்பது தினமும் புழங்கும் வினையடை. பாதுகாப்பாகப் போய் வாருங்கள் என்கிறோம். அதன் பக்கத்திலேயே 'பாதுகாப்பாக்கு' என்று வைத்தால், ஆபத்தில்லாமல் செய் என்றுதான் காது கேட்கும். நீரைப் பாதுகாப்பாக்குதல் என்றால் காய்ச்சி வடிகட்டுவது.

கோட்பாடு சொல்வது வேறு. பன்னாட்டுறவு அறிஞர் ஓலெ வேவர் 1995-இல் ஒரு கட்டுரையாக எழுதியதை, பாரி பூஸான், யாப் டி வில்ட இருவரோடும் சேர்ந்து 1998-இல் நூலாக விரித்தார். கோபன்ஹேகன் பள்ளி என்ற சிந்தனை மரபாக நாம் படிப்பது இதைத்தான். ஒரு சிக்கல் பாதுகாப்புச் சிக்கலா இல்லையா என்பதை அதன் இயல்பு மட்டும் முடிவுசெய்வதில்லை. அதிகாரமுள்ள ஒருவர் எழுந்து, இது நம் இருப்புக்கே ஆபத்து, வழக்கமான நடைமுறை போதாது என்று சொல்கிறார். கேட்பவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அப்போது அந்தச் சிக்கல் சாதாரண அரசியலிலிருந்து வேறொரு தளத்துக்கு ஏறிவிடுகிறது. வாக்குக் கொடுப்பது போன்ற சில செயல்கள் சொல்வதாலேயே நடந்துவிடுகின்றன என்று மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் காட்டினாரே, அந்தப் பேச்சுச் செயல் கருத்திலிருந்து எடுத்ததுதான். ஆக, நாம் தேடும் சொல்லில் இந்தச் 'சொல்லி ஏற்றுதல்' தெரிய வேண்டும். பாதுகாத்தல் தெரியக் கூடாது.

இனி இழையில் வந்த மற்றவை.

> பாதுகாப்புமயமாக்கல். தனியார்மயமாக்கல், உலகமயமாக்கல் எல்லாம் பழகிவிட்டனவே.

பழகிவிட்டன, உண்மை. ஆனால் இதன் உடன்பிறப்பு 'இராணுவமயமாக்கல்' பக்கத்திலேயே நிற்கிறது. மயம் என்றாலே எங்கும் நிறைந்திருப்பது. பாதுகாப்புமயமான தெரு என்றால் மூலைக்கு மூலை காவலர் நிற்கும் தெரு என்றுதான் தோன்றும். கோட்பாட்டில் துப்பாக்கி வர வேண்டிய கட்டாயமே இல்லை. ஒரு தொற்றுநோய்க்கு இதைச் செய்யலாம், ஒரு மென்பொருளுக்கும் செய்யலாம். இரண்டு கருத்துகளும் ஒரே தேர்வுத்தாளில் வரும் பாடம் இது. மாணவர் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

> அச்சுறுத்தலாக்கம்?

இது பாதி சரி என்பதால்தான் இதை விட மனம் வரவில்லை. காலநிலை மாற்றம், எபோலா, குடியேற்றம் இவையெல்லாம் அச்சுறுத்தல் என்ற இடத்துக்கு ஏற்றப்படுகின்றன, சரி. எரிசக்தி? ஒரு நாடு எரிவாயு வரத்தைப் பாதுகாப்புக் கேள்வியாக உயர்த்தும்போது எரிவாயு அச்சுறுத்தல் அல்ல, காக்கப்பட வேண்டிய பொருள். மொழியும் அடையாளமும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரே வினை இந்த இரண்டு பக்கத்தையும் தாங்குகிறது. நம் சொல்லும் தாங்க வேண்டும்.

> ஏமமாக்கம். 'ஏமம்' குறளில் உள்ள சொல்.

இருக்கிறது, நாட்டுக்கு அணி என்று எண்ணும் ஐந்தில் ஒன்றாக. எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் பழைய நூல்களில் அதற்கு இன்பம், மயக்கம் என்று வேறு பொருள்களும் உண்டு. இன்றைய மாணவர் காதுக்கு ஏமமாக்கம் 'ஏமாற்றம்' போல ஒலிக்கும். கோட்பாட்டை விமர்சிப்பவர்கள் அதுவும் பொருத்தம்தான் என்பார்கள், அது வேறு கதை. இழையில் வந்த 'பிணையமாக்கம்' பற்றி ஒரு வரி போதும். கடன்களைப் பத்திரங்களாக மாற்றி விற்கும் நிதித்துறைச் செயல் அது. ஆங்கிலத்தில் அதற்கும் இதே சொல் என்பதற்காக இங்கே இழுக்க வேண்டாம்.

சரி, என் முன்மொழிவு: பாதுகாப்பு விவகாரமாக்கல்.

நீளம் என்று முகம் சுளிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். இதைப் போய் ஏன் விவகாரமாக்குகிறாய் என்று நாம் பேசுவதில்லையா? ஒரு விஷயம் தானாக விவகாரமாவது குறைவு, யாராவது பேசி ஆக்க வேண்டும், நாலு பேர் அதை எடுத்துக்கொள்ளவும் வேண்டும். ஆக்குபவர், ஆக்கப்படும் விஷயம், காதுகொடுக்கும் கூட்டம் என்று கோட்பாடு கேட்கும் மூன்றும் இந்தப் பேச்சுவழக்கில் முன்பே இருக்கின்றன. வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம்: "காலநிலை மாற்றத்தைப் பாதுகாப்பு விவகாரமாக்கும் முயற்சியை இந்தியா எதிர்த்தது." இப்போது எதிர்ப்பு எதற்கு என்பது தெளிவு. "எரிவாயு வரத்தைப் பாதுகாப்பு விவகாரமாக்கினார்கள்" என்பதும் இடறாமல் வருகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. அந்த 1998 நூல் ஒரு படிக்கட்டுபோல மூன்று நிலைகளைச் சொல்கிறது. அரசு கண்டுகொள்ளாத நிலை, பொதுக்கொள்கையாகப் பேசப்படும் நிலை, அதற்கும் மேலே நெருக்கடியாக ஏற்றப்பட்ட நிலை. இரண்டாம் படிக்கு 'அரசியலாக்கல்' என்று செய்தித்தாள்களே சொல் கொடுத்துவிட்டன. அரசியலாக்கல், பாதுகாப்பு விவகாரமாக்கல் என்று அடுத்தடுத்து எழுதும்போது இரண்டும் ஒரே வார்ப்பில் வருகின்றன. அரசியலாக்கலுக்கு நாளிதழ்களில் இருக்கும் 'ஆதாயத்துக்காக' என்ற நெடியைப் பாடத்தில் கழற்றிவிட வேண்டும். அதை ஆசிரியர் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடலாம்.

'விவகாரம்' என்பதற்கும் அந்த நெடி உண்டே என்று கேட்பீர்கள். விவகாரமான ஆள் என்றால் பாராட்டு இல்லை. இதைப் பற்றி நிறைய யோசித்தேன். வேவரும் இந்த ஏற்றத்தை நல்லதாகப் பார்த்தவர் இல்லை. பொதுவாக, இயல்பான அரசியலில் தீர்க்க முடியாமல் போனதன் அடையாளம் என்றுதான் கருதினார். ஆக நெடி கோட்பாட்டோடு மோதவில்லை. ஆனால் எபோலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 செப்டம்பரில் பாதுகாப்பு அவை 2177-ஆம் தீர்மானத்தில், ஆப்பிரிக்காவில் எபோலா பரவியிருக்கும் அளவு பன்னாட்டு அமைதிக்கும் பாதுகாப்புக்கும் அச்சுறுத்தல் என்று சொன்னது. அதே மாதம் ஐ.நா. தன் முதல் அவசரச் சுகாதாரப் பணிக்குழுவை அமைத்தது. நோயைப் பாதுகாப்பு விவகாரமாக்கியதால் ஆளும் பணமும் வேகமாக வந்தன என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'விவகாரம்' உறுத்தலாம். 'பாதுகாப்புப் பொருளாக்கல்' என்று மாற்றினால் உறுத்தாது. ஆனால் தலைக்கவசமும் தீயணைப்பானும் நினைவுக்கு வரும். நான் நெடியோடு வாழத் தயார்.

2007-இல் எஸ்தோனியாவில் சோவியத் காலத்துச் சிலை ஒன்றை இடம் மாற்றிய தகராறைத் தொடர்ந்து வங்கிகள், செய்தித் தளங்கள், அரசுத் தளங்கள் மீது இணையத் தாக்குதல்கள் நடந்தன. அது கோளாறா, குற்றமா, நாட்டின் மீதான தாக்குதலா? கோளாறு என்றால் பொறியாளர் வருவார், குற்றம் என்றால் காவல்துறை வரும், தாக்குதல் என்றால் நேட்டோவைக் கூப்பிடலாமா என்ற பேச்சு வரும். மறு ஆண்டே தாலினில் நேட்டோ அங்கீகாரம் பெற்ற இணையத் தற்காப்பு மையம் வந்துவிட்டது. பெயரிடுவதிலேயே பாதி முடிவு இருக்கிறது என்பதை மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. சொற்பட்டியலில் எடுத்துக்காட்டுக்கு இடம் இருந்தால் இதையே போடுங்கள்.

பேச முடியாதவர்கள் என்ன ஆவார்கள் என்ற கேள்வியையும் இந்தச் சொல் மறைக்காது. பன்னாட்டுறவு அறிஞர் லேன ஹான்சன் 2000-இல் வைத்த விமர்சனம் அதுதான். குடும்பக் கௌரவத்தின் பெயரால் கொல்லப்படும் ஆபத்தில் உள்ள பெண் வாய்திறந்தால் ஆபத்து கூடும், திறக்காவிட்டால் கோட்பாட்டின் கண்ணுக்கே தெரியமாட்டாள். விவகாரமாக்க முடியாதவர் என்று எழுதினால் தமிழில் அது நேராகவே புரிகிறது.

துணைச் சொற்களில் ஒன்று மட்டும் எனக்கு முழுத் திருப்தி. 'ரெஃபரென்ட் ஆப்ஜெக்ட்' என்பதற்குக் காக்கப்படுபொருள். செயப்படுபொருள் படித்த யாருக்கும் இது விளக்கமில்லாமல் விளங்கும். நாடா, மக்களா, அடையாளமா, சூழலா, இங்கே காக்கப்படுபொருள் எது என்று ஒரே வரியில் தேர்வுக்கேள்வி கேட்கலாம். 1994-ஆம் ஆண்டு ஐ.நா. மனித வளர்ச்சி அறிக்கை மனிதப் பாதுகாப்பு என்ற கருத்தை முன்வைத்தபோது மாறியதும் இதுதான். அதுவரை நாடு இருந்த இடத்தில் மனிதர் வந்து உட்கார்ந்தார். 'ஆடியன்ஸ்' என்பதற்கு 'கேட்போர்' என்பதைவிட 'ஏற்போர்' மேல். கேட்டால் மட்டும் போதாது, ஏற்க வேண்டும். ஆனால் ஏற்காமலும் போகலாம் என்பதால் 'அவையோர்' என்று ஒருவர் சொன்னதையும் தள்ளிவிடவில்லை.

> முதலில் 'பாதுகாப்பு' என்ற சொல்லையே சரிசெய்யுங்கள். செக்யூரிட்டி, டிஃபென்ஸ், சேஃப்டி மூன்றுக்கும் அதுவேதான்.

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். பன்னாட்டு அணுசக்தி முகமை சேஃப்டியையும் செக்யூரிட்டியையும் பிரித்தே பேசுகிறது. முதலாவது விபத்து நேராமல் பார்ப்பது, இரண்டாவது திருட்டும் நாசவேலையும் நடக்காமல் பார்ப்பது. தமிழில் இரண்டும் அணுப் பாதுகாப்பு! ஆனால் செக்யூரிட்டிக்குக் 'காப்பு' என்று மாற்றும் யோசனையை ஏற்க முடியாது. காப்பீடு, காப்புரிமை, கைக்காப்பு என்று அது ஏற்கெனவே ஊர்ப்பட்ட வேலை பார்க்கிறது. பாதுகாப்பு அவை, தேசியப் பாதுகாப்பு இரண்டும் ஊன்றிவிட்டன, செக்யூரிட்டிக்கு அதையே விடுங்கள். பாடநூலுக்குள் மட்டும் டிஃபென்ஸைத் 'தற்காப்பு' என்று நகர்த்தலாம். ஐ.நா. சாசனத்தின் 51-ஆம் பிரிவு பேசும் உரிமையைத் தற்காப்புரிமை என்றுதானே எழுதுகிறோம். அமைச்சகங்களின் பெயர்ப்பலகையை மாற்றுவது நம் வேலை இல்லை.

எனக்கு விடை கிடைக்காதது 'டிசெக்யூரிட்டைசேஷன்'. ஏற்றியதை இறக்கி, மறுபடி சாதாரண அரசியல் பேரத்துக்குக் கொண்டுவருவது. 'பாதுகாப்பு நீக்கம்', 'பாதுகாப்பு விலக்கல்' இரண்டும் ஆகாது. தலைவருக்குக் கொடுத்த காவலைத் திரும்பப் பெற்ற செய்தி மாதிரி இருக்கும். 'இயல்பாக்கல்' என்றால் இரு நாடுகளின் உறவைச் சீராக்குவதோடு குழம்பும். இப்போதைக்கு 'அரசியலுக்கு மீட்டல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். கீழிறங்குவது மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்குத்தான் என்பதை அது சரியாகச் சொல்கிறது. ஆனால் விவகாரமாக்கலுக்கு எதிர்ச்சொல் என்பது பார்த்தவுடன் தெரியவில்லை. 'விவகாரம் தணித்தல்' என்று தனிமடலில் ஒரு யோசனை வந்தது. தணிந்தாலும் விவகாரம் விவகாரமாகவே இருக்குமே என்பது என் தயக்கம். இந்த ஒன்றுக்கு மட்டும் யோசனை சொல்லுங்கள், முழு வாக்கியத்தில் வைத்து அனுப்பினால் நல்லது.

அப்புறம், 'டெட்டரன்ஸ்' (பதிலடிக்கு அஞ்சி எதிரி தாக்காமல் இருக்கச் செய்வது) பற்றிக் கேட்டவருக்கு: 'தடுப்பு' என்று போட்டால் மோதல் தடுப்போடு மோதும், 'அச்சுறுத்தல்' என்று போட்டால் மேலே பேசியதோடு மோதும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே கலக்க வேண்டாம்.